தரைக்கு வராதவள்

அல் ஐன்
12-09-2024

அன்பு மாப்பிள்ளை மக்தூம் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கு இறைவன் கிருபையால் நலம். தாங்களும், என் தங்கை ஜன்னத்துல் ஃபிர்தௌஸும், உங்கள் மகனும் என் மருமகனுமான ஹஸ்னைனும், என் மகள் இஃப்பத்தும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறேன். இஃப்பத்துக்கு நான்காம் மாதம் பிறந்துவிட்டது. வாந்தி நின்றதா என்று கேட்டு எழுதவும். வெள்ளிக்கிழமைகளில் அவளைப் போனில் தருகிறீர்கள். ஆனால் ஸ்பீக்கரைப் போட்டு எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது வாந்தியைப் பற்றி விசாரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மிருகங்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்தும் எழுதக் கூடாது என்று சொல்லியிருந்தீர்கள். ஆகவே இதைத் தீவன லாரி ஓட்டிவரும் கௌஸ் முகைதீன் கையில் கொடுத்தனுப்புகிறேன். எனக்கும் இதுவே வசதி. போனில் நீங்கள் பேசும் வேகத்துக்கு எனக்குப் பதில் வருவதில்லை.

உங்கள் விலங்குக் கடையிலிருந்து வந்த குரங்கு நலமாகச் சேர்ந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் காட்டு டயானா குரங்கு என்றே நினைக்கிறேன். கல்லூரியில் இத்தனை வருடம் பாடம் நடத்தியும் படத்தில் பார்த்ததோடு சரி, ஆகவே முதலில் தயங்கினேன். கறுத்த முகம், வெள்ளைத் தாடி, முதுகில் செம்பழுப்புத் திட்டு, நெற்றியில் பிறை போல ஒரு வெள்ளைக் கோடு. பெண். எங்கள் விலங்குத் தோட்டத்து முதலாளியின் மகன் அந்தக் கோட்டைப் பார்த்து, அரபியில் பிறை என்ற பொருளில், ஹிலால் என்று பெயர் வைத்துவிட்டான்.

வந்த நாள் முதல் சாப்பிடவில்லை. கூண்டின் உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது: இவை உயர்ந்த மரங்களின் உச்சியில் வாழ்பவை, தரைக்கு வருவது அபூர்வம். நாம் கிண்ணத்தைத் தரையில் வைத்துக்கொண்டிருந்தோம். கிண்ணத்தைக் கூரையில் கட்டச் சொன்னேன். கூண்டு பார்க்கும் ஞானசிங் நாகர்கோவில் பக்கத்துக்காரர், சிரித்தார். "சாரே, இது என்ன மகாராணியா, தட்டத்தத் தூக்கிக் கெட்டித் தொங்கவிடதுக்கு? எனக்குக் கல்யாணத்தன்னைக்கே எலைய தரையிலதான் போட்டாவ." கட்டிய சற்று நேரத்தில் அத்திப்பழங்களைக் கன்னப்பை புடைக்க அடைத்துக்கொண்டது.

ஒரு விவரம் வேண்டும். தோட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்கத் திறந்துவிட முதலாளி அரசாங்கத்திடம் அனுமதி கேட்டிருக்கிறார். அதற்கு ஒவ்வொரு விலங்கும் கூண்டில் பிறந்ததா, காட்டில் பிடித்ததா என்று விலங்கியல் படித்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த ஒருவர் நான். இவள் எங்கே பிறந்தாள் என்று தெரிந்தால் எழுதவும். இந்த வேலையை வாங்கித் தந்தவர் நீங்கள். அதை மறந்து கேட்பதாக எண்ண வேண்டாம்.

இஃப்பத்துக்கும் தங்கைக்கும் என் சலாம்.

அன்புடன்,
மச்சான் அப்துல் ஹாதி


தம்மாம்
29-09-2024

புரொபசர் மச்சானுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

எல்லாரும் சுகம். இஃப்பத்துக்கு வாந்தி நின்று, இப்போது பசிதான் நிற்கவில்லை. உங்கள் தங்கை ஆக்கிப் போட்டே மெலிகிறாள். ஹஸ்னைன் யான்புவில் டூட்டியில் இருக்கிறான், மாதம் ஒரு தரம் வருவான். ஏழாம் மாதம் அவளை உங்களிடம் அனுப்புவதாகப் பேசியது பேசியதுதான். உங்கள் வீட்டில் பெண்ணாள் இல்லை என்றாலும், நம் ஊரில் பெண் வாப்பா வீட்டில்தான் பிள்ளை பெற வேண்டும் என்பதை நான் மீறமாட்டேன்.

குரங்கு கூண்டில் பிறந்தது. அதோடு அனுப்பிய தாளில் அப்படித்தான் இருக்கிறது. தாளில் இருப்பதைப் பார்த்து எழுதுவதற்கு ஏன் மச்சான் உங்களுக்குப் புரொபசர் பட்டம்? பரீட்சைத் தாள் திருத்துவது மாதிரி என் சரக்கைத் திருத்தப் பார்க்காதீர்கள்.

கிண்ணத்தைக் கட்டித் தொங்கவிட்டது நல்ல வேலை. செத்திருந்தால் எனக்குத்தான் கெட்ட பெயர்.

மக்தூம்


அல் ஐன்
20-10-2024

அன்பு மாப்பிள்ளைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம். அங்கு அனைவரின் நலமும் அறிய ஆவல். என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று இஃப்பத்திடம் சொல்லவும். அவள் அதைக் கேட்காமல் எந்த வெள்ளிக்கிழமையும் போனை வைத்ததில்லை. சென்ற இரண்டு வாரமாகப் போனே வரவில்லை. கைபேசி பழுது என்று கௌஸ் முகைதீன் சொன்னார்.

தாளைப் பார்த்தேன். அதில் எழுதியிருப்பதற்கும் நான் பார்ப்பதற்கும் இடையில் சில ஐயங்கள். என் ஐயங்கள் தவறாகவும் இருக்கலாம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மாலையில் தன் வேட்டைப் பருந்தைப் பறக்கவிடுவார். முதல் தரம் அது எங்கள் கூண்டுக்கு மேலாகப் போனபோது ஹிலால் ஒரு குரல் கொடுத்துவிட்டு, பழம் தின்றுகொண்டிருந்த கிளையின் அடிப்புறத்துக்குச் சறுக்கி ஒடுங்கிக்கொண்டாள். கழுகுக்கு ஒரு குரலும் சிறுத்தைக்கு வேறொரு குரலும் இந்த இனத்துக்கு உண்டு. கூண்டில் பிறந்ததும் அப்படிச் செய்யாது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

இன்னொன்று. இவற்றின் கூட்டத்தில் ஒரே ஆண். மற்றவை தாய்களும் மகள்களும். இலை அடர்த்தியில் ஒன்றையொன்று பார்க்க முடியாது. ஆகவே பெண்கள் அடிக்கடி சிறு குரல் கொடுப்பார்கள், அருகில் இருப்பவள் பதில் கொடுப்பாள். நான் இங்கே இருக்கிறேன், நீ இருக்கிறாயா என்று விசாரிப்பது போல. இவள் விடிந்ததும் குரல் கொடுக்கிறாள். பிறகு தலையைச் சாய்த்துக் காத்திருக்கிறாள். மறுபடியும் கொடுக்கிறாள். தனியாகவே வளர்ந்த ஒன்று இவ்வளவு நேரம் காத்திருக்குமா என்று தெரியவில்லை.

இடது கையைத் தோளுக்கு மேல் தூக்குவதில்லை. அதையும் மருத்துவரிடம் காட்ட நினைக்கிறேன்.

அனுமதிக்கான தாளில் கையெழுத்து இன்னும் போடவில்லை. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இஃப்பத்துக்கு என் சலாம்.

அப்துல் ஹாதி


தம்மாம்
03-11-2024

வ அலைக்குமுஸ்ஸலாம்.

சலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. அதற்காகவே பேனாவைத் தொடுகிறேன். இல்லையென்றால் உங்கள் கடிதத்தைப் பறவைக் கூண்டுக்கு அடியில் விரித்திருப்பேன்.

குரங்கு கத்துவதைக் கேட்டு அது பிறந்த ஊரைச் சொல்லும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். என் கடையில் ஒரு கிளி இருக்கிறது, காலையில் எழுந்ததும் மலையாளத்தில் திட்டுகிறது. அது திருச்சூரில் பிறந்தது என்று எழுதித் தருவீர்களா?

மகள்கள் தாயோடு இருப்பார்கள், ஆண் ஒருவன்தான் என்கிறீர்கள். நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறது, மாப்பிள்ளை போய்ப் பெண் வீட்டில் கிடப்பது. அந்த வழக்கத்தை விட்டுத்தான் உங்கள் மகளை நான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அதில் உங்களுக்கு உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைக் குரங்கின் மேல் வைத்துக் காட்ட வேண்டாம்.

மருத்துவரிடம் காட்ட வேண்டாம். கை தானாகச் சரியாகும்.

ஹஸ்னைனுக்கு லீவு கிடைப்பது சந்தேகமாக இருக்கிறது. இஃப்பத் இந்த நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பி வருவதற்கான அனுமதியைப் புருஷன் என்ற முறையில் அவன்தான் போட வேண்டும். அவன் போடுவதும் போடாததும் என் வாயில் இருக்கிறது. படித்தவர், மேலே நான் எழுதத் தேவையில்லை.

மக்தூம்


அல் ஐன்
30-11-2024

மாப்பிள்ளை மக்தூம் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தாங்கள் நலமா? தங்கை நலமா? இஃப்பத் நலமா என்று இத்துடன் மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டேன். உங்கள் சென்ற கடிதத்தில் அவளுடைய அனுமதியைப் பற்றி மட்டும் இருந்தது, அவளைப் பற்றி எதுவும் இல்லை.

நீங்கள் வேண்டாம் என்று எழுதியது கைக்கு வருவதற்கு முன்பே மருத்துவருக்குச் சொல்லிவிட்டேன். வந்த பிறகு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஜெயபாரதி வந்து மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "சார், கை சுளுக்குன்னு சொன்னீங்க. இது துப்பாக்கி ரவை சார்" என்றார். தோளில் இரண்டு, விலாவோரம் ஒன்று. மிளகு அளவுதான். அவற்றைச் சுற்றி எலும்பும் சதையும் வளர்ந்து மூடியிருக்கின்றன. மிகச் சிறு வயதில் பட்டவை.

நான் யோசித்த வரிசையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் திருத்தவும். இந்தக் குட்டிகள் தாயின் வயிற்றைக் கவ்வித் தொங்கிக்கொண்டே இருக்கும். தாய் மர உச்சியில் இருப்பாள். வேடன் கீழே நின்று சுடுவான். கீழிருந்து சுட்டால் முதலில் படுவது வயிறு. தாய் விழுவாள். அவள் மேல் குட்டியும் விழும். இவள் தரைக்கு வந்தது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன்.

கூண்டில் பிறந்த குட்டியைக் கூண்டுக்குள் வைத்து யாரும் துப்பாக்கியால் சுடுவதில்லை.

நேராகக் கேட்கிறேன். உங்களுக்கு இது தெரியுமா?

இஃப்பத்துக்கு என் சலாம். அவளிடம் சேர்ப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அப்துல் ஹாதி


தம்மாம்
09-12-2024

வ அலைக்குமுஸ்ஸலாம்.

கேட்டீர்கள், சொல்கிறேன். காட்டில் பிறந்தது என்று நான் சொன்னேனா? இல்லை. அப்படியே இருந்தாலும் என்ன? அந்த ஊரில் குரங்கைச் சுடுவது குழம்புக்காக. தாய் சட்டிக்குப் போனது. குட்டியில் கறி இல்லை என்று சந்தைக்குக் கொண்டுவந்தான் ஒருவன், அவனிடமிருந்து இன்னொருவன் வாங்கினான், அவனிடமிருந்து இன்னொருவன், கடைசியில் என் கைக்கு வந்தது. நான் வாங்கியிருக்காவிட்டால் அதுவும் சட்டிக்குப் போயிருக்கும். இப்போது ஏசியில் உட்கார்ந்து அத்திப்பழம் தின்கிறது, அதற்கு ஒரு புரொபசர் வேலைக்காரர். எனக்கு நன்மை எழுதப்பட வேண்டிய இடத்தில் நீங்கள் பாவம் எழுதுகிறீர்கள்.

நீங்கள் என்றைக்கு ஒரு முடிவை உங்கள் வாயால் சொல்லியிருக்கிறீர்கள்? இஃப்பத்தின் கல்யாணத் தேதியைக்கூட நான்தான் குறித்தேன். "நீங்கள் சொன்னால் சரி மாப்பிள்ளை" என்றீர்கள். எழுபது வயதில் ஒரு குரங்கு வந்து உங்களுக்கு முதுகெலும்பு வைத்துவிட்டதா?

கலாஸ். இதோடு பேச்சு முடிந்தது. கூண்டில் பிறந்தது என்று கையெழுத்துப் போய்ச் சேரட்டும், அடுத்த வாரமே இஃப்பத் உங்கள் வாசலில் நிற்பாள். சேராவிட்டால் பிரசவம் இங்கேதான்.

மக்தூம்


தம்மாம்
22-12-2024

மதிப்பிற்குரிய தந்தையார் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் இங்கு மிகவும் நலமாக இருக்கிறேன். மாமாவும் மாமியும் என்னை நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள். எனக்கு எந்தக் குறையும் இல்லை. தாங்கள் அலுவலகத் தாளில் கையெழுத்திடத் தாமதிப்பதால் குடும்பத்தில் அனைவருக்கும் மனவருத்தம் ஏற்பட்டுள்ளது. மாமா நமக்குச் செய்த உதவிகளைத் தாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். தாங்கள் விரைவில் கையெழுத்திட்டு அனுப்பினால் நான் தங்களிடம் வந்து பிரசவத்தை முடித்துக்கொள்ள ஏதுவாக இருக்கும். தாங்கள் நல்ல முடிவு எடுப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மகள் இஃப்பத்

அவள் இன்னும் தரைக்கு வரவில்லையா வாப்பா?


அல் ஐன்
08-01-2025

அன்பு மகள் இஃப்பத்துக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. அதில் என் சர்க்கரையைப் பற்றிக் கேள்வி இல்லை, ஆகவே நானே சொல்கிறேன், பரவாயில்லை. உன் உடம்பைப் பற்றிக் கேட்கிறேன், நீ எழுத முடிந்தபோது எழுது. இந்தக் கடிதத்தை உனக்கு முன்பாக வேறு சிலர் படிப்பார்கள் என்று தெரியும். அவர்களுக்கும் என் சலாம்.

கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தாய். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

வரவில்லை. நேற்று ஒரு பேரீச்சம்பழம் கை நழுவித் தரையில் விழுந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கிளை வரை இறங்கினாள். வலது கையை நீட்டினாள், எட்டவில்லை. மேலே போய்விட்டாள். ஞானசிங் குனிந்து எடுத்துக் கொடுத்தார். "சார் இல்லாத நேரம் நானும் மகாராணிக்குச் சேவகந்தான்" என்கிறார். அவருக்கும் அவள் மேல் ஒட்டுதல் வந்துவிட்டது.

இப்போதும் விடிந்ததும் குரல் கொடுக்கிறாள். காலை எட்டரை வரை காத்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் சாப்பிட வருகிறாள். இந்த இனத்தில் குட்டி பிறந்தால் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் வந்து பார்ப்பார்கள் என்று படித்திருக்கிறேன். நான் பார்த்ததில்லை.

இரவில் இடது பக்கமாகப் படு. உன் உம்மா உன்னைச் சுமந்தபோது மருத்துவர் அப்படித்தான் சொன்னார்.

வாப்பா


அல் ஐன்
30-01-2025

மக்தூம் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அனைவரும் நலம் என நம்புகிறேன்.

காட்டில் பிடிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். எக்ஸ்ரேயையும் உடன் வைத்தேன். உங்கள் கடிதங்களை வைக்கவில்லை. விற்றவர் யார் என்ற இடத்தில் ரசீதில் உள்ள உங்கள் கடைப் பெயர் இருக்கிறது. அதை நான் எழுதவில்லை, அழிக்கவுமில்லை.

முதலாளி படித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. டீ கொண்டுவரச் சொன்னார். "உஸ்தாத், உங்களை மாதிரி ஒருவர் என் தோட்டத்தில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது" என்றார். அவளை அரசாங்கக் காப்பகத்துக்கு ஒப்படைத்துவிட்டார். என்னை இம்மாதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார். விசா முடிந்ததும் ஊருக்குப் போக வேண்டும். நீங்கள் அனுப்பிய பறவைகளைத் திருப்பி அனுப்புவது பற்றி உங்களிடம் அவரே பேசுவார்.

இஃப்பத்தை அனுப்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். துணிச்சலால் என்று எண்ண வேண்டாம். எழுதி அடித்து எழுதியதில் இரண்டு தாள்கள் வீணாயின. நான் ஒன்றைத்தான் யோசித்துப் பார்த்தேன். இந்தப் பொய்யைக் கொடுத்து என் மகளை வாங்கிக்கொண்டால், அடுத்த முறை எதைக் கேட்டு அவளை நிறுத்திவைப்பீர்கள்? அதற்கடுத்த முறை? எனக்கு முடிவு தெரியவில்லை. ஆகவே முதல் படியிலேயே நின்றுகொண்டேன். யோசனையில் பிழை இருக்கலாம்.

இஃப்பத்தின் கல்யாணத் தேதியை நீங்கள்தான் குறித்தீர்கள் என்பது உண்மை.

அவளுக்கு என் சலாம்.

அப்துல் ஹாதி


தம்மாம்
20-03-2025

வ அலைக்குமுஸ்ஸலாம்.

ஒன்றரை மாதம் இந்தப் பதிலை நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்தேன். நோன்பு மாதத்தில் கடன் வைக்கக் கூடாது என்று இப்போது இறக்கிவைக்கிறேன். சலாத்துக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உங்கள் ஒரு கையெழுத்தில் என் கடை பூட்டிக் கிடக்கிறது. அந்தத் தாள் இங்கே அதிகாரிகள் கைக்கும் வந்து, விசாரணை என்று இரண்டு தரம் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாக என்னிடம் வாங்கிய ஆட்கள் என் போனை எடுப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரன் "க்யா பாய், பந்தர் கா தந்தா?", குரங்கு வியாபாரமா என்று கேட்டுச் சிரிக்கிறான். நாற்பது வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. உங்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன், தனியாகக் கிடந்தவருக்கு ஒரு நிழல் கொடுத்தேன். ஒரு குரங்குக்காக என்னை விற்றீர்கள்.

உங்கள் தங்கை அழுகிறாள், யாருக்காக என்று கேட்டால் சொல்வதில்லை. உங்கள் மகள் அழுவதுகூட இல்லை. என் முன்னால் சாப்பாட்டை வைக்கிறாள், போகிறாள். நான் சலாம் சொன்னால் பதில் வருகிறது. அதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. இந்த வித்தையை அவள் யாரிடம் படித்தாள் என்று உங்களுக்குத் தெரியும். ஹஸ்னைன் அவளைத் தனி வீட்டில் வைக்க வேண்டும் என்கிறான். இதுவரை என் முகத்தைப் பார்த்து அவன் எதிர்த்துப் பேசியதில்லை. அதுவும் உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரசவம் ஆகிவிட்டது. பெண். இருவரும் சுகம். தெரிய வேண்டியது அவ்வளவுதான். ஏழாம் நாள் பெயர் வைத்தோம். என்ன பெயர் என்பது உங்களுக்கு வேண்டாம். அந்தப் பெயரைக் கூப்பிடும் தூரத்தில் நீங்கள் இல்லை, இருக்கவும் மாட்டீர்கள்.

இனி எழுதாதீர்கள். சலாம் சொல்லி என்னைக் கடமையில் மாட்டிவிடாதீர்கள்.

மக்தூம்


அல் ஐன்
18-04-2025

மக்தூம் அவர்களுக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி உங்களுக்குச் சலாம் சொல்லாமல் தொடங்குகிறேன். வாழ்நாளில் இப்படி ஒரு கடிதம் தொடங்கியதில்லை, ஆகவே அடுத்த வரி எது என்று தெரியாமல் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கடை பூட்டியதற்கு வருந்துகிறேன். உண்மையாகவே வருந்துகிறேன். எழுதியதற்கு வருந்தவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கின்றன என்று எனக்கும் விளங்கவில்லை.

கௌஸ் முகைதீன் இந்தக் கடிதத்தை எடுத்துப் போக முதலில் மறுத்தார். "மச்சானும் மச்சானும் ஒரு மணி நேரம் போன்ல சண்ட புடிச்சா முடிஞ்சு போற காரியத்த, எட்டு மாசமா என் டாஷ்போர்டுல வச்சுச் சுமக்குறேன். அங்க போனா அவஹ மொறைக்கிறாஹ, இங்க வந்தா நீங்க யோசிக்கிறிய" என்றார். இதுவே கடைசி என்று சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார்.

அந்தக் குரங்கைப் பற்றி உங்களுக்கு அக்கறை இருக்காது. ஆனாலும் தொடங்கியதை முடிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. காப்பகத்துக்கு இரு முறை போனேன். ஹிலாலை ஓர் உயரமான கூண்டில் வைத்திருக்கிறார்கள். கம்பி வலைக்கு அப்பால் அதே இனத்தில் வயது முதிர்ந்த பெண்கள் இருவர். ஒரேயடியாகச் சேர்க்கமாட்டார்கள், முதலில் ஒன்றையொன்று பார்த்துப் பழக வேண்டும். விடிவதற்கு முன்பே போய் நின்றேன். உச்சிக்கு ஏறிக் குரல் கொடுத்தாள். தலையைச் சாய்த்தாள். மறுபடி கொடுத்தாள். மூன்றாவது முறை வலைக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்குச் சரியாகக் கேட்டதா என்று ஐயமாக இருந்தது. மறுநாளும் போனேன். அன்று முதல் குரலுக்கே வந்தது. எட்டரை மணி வரை அவள் காத்திருக்கவில்லை, சாப்பிடப் போய்விட்டாள்.

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். சாமான்கள் கட்டியாகிவிட்டன. இஃப்பத்தைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுத வந்தேன். சொல்லமாட்டீர்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. உங்களுக்குச் சலாம் சொல்ல வேண்டாம் என்றீர்கள், சொல்லவில்லை. உங்கள் வீட்டில் பிறந்திருக்கும் பெண் குழந்தை அப்படி எதுவும் என்னிடம் சொல்லவில்லை. ஆகவே அவளுக்கு: அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

பேசத் தெரியாத பிள்ளைக்குச் சொன்ன சலாத்துக்கு வீட்டுப் பெரியவர் பதில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. என் ஞானம் குறைவு. அங்குள்ள ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளவும்.

அப்துல் ஹாதி


தம்மாம்
11-05-2025

வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

இது குழந்தை சார்பில். என் சார்பில் அல்ல.

யார் சார்பில் என்று எழுதினால்தான் பதில் செல்லும் என்பதால் எழுதுகிறேன். பெயர் ஆமிரா.

மக்தூம்